லாட் 100

தடுப்பூசிகளின் கதை – 14

1966-67 குளிர்காலம் வருவதற்கு முன்பாக, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 31 கைக்குழந்தைகளுக்கு ஒரு புதிய தடுப்பூசி போடப்பட்டது. அதற்கு ‘லாட் 100’ என்று பெயர். பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, தயாரிப்புத் தொகுதியின் எண்தான் அது. தயாரித்தது ஃபைசர் நிறுவனம். சோதனையை நடத்தியவர்கள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் விஞ்ஞானிகளும், அந்நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்களும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேறொரு வைரஸுக்கான தடுப்பூசி போட்ட இன்னும் 40 குழந்தைகளும் இருந்தார்கள்.

குளிர் வந்தது, கூடவே லாட் 100 தடுக்க வேண்டிய வைரஸும் வந்தது. லாட் 100 போட்டுக்கொண்ட 31 குழந்தைகளில் 20 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தத் தடுப்பூசியே போடாத மற்ற 40 குழந்தைகளில் 21 பேருக்குத் தொற்று. மருத்துவமனைக்குப் போனது ஒரே ஒரு குழந்தை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. ஒன்றுக்கு 14 மாதம், மற்றதற்கு 16 மாதம்.

இந்த அட்டவணையை முதன்முதலில் படித்தபோது, இரண்டு பத்திகளும் இடம் மாறி அச்சாகிவிட்டனவோ என்று நினைத்தேன். மறுபடி மேலிருந்து படித்தேன். மாறவில்லை. காப்பதற்காகப் போட்ட ஊசி, நோயின் கையில் குழந்தையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்தவை பெரும்பாலும் வென்ற கதைகள். ஜென்னரின் மாட்டம்மை, பாஸ்டரின் வெறிநாய்க்கடி ஊசி, சென்ற வாரம் சால்க், சாபின், போலியோ. தொடர்ந்து படித்தவர்களுக்கு ஓர் எண்ணம் வந்திருக்கும்: கிருமியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதைக் கொல்லவோ நலியவைக்கவோ வேண்டும், ஊசியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். 1960-களில் மருத்துவ உலகமும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது. அந்த நம்பிக்கை உடைந்த இடம் வாஷிங்டனின் அந்தக் குளிர்காலம். அங்கே என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த அரை நூற்றாண்டின் கதைதான் இந்த வாரம்.

முதலில் வைரஸைப் பார்த்துவிடுவோம். 1955-ல் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் இருந்த சிம்பன்சிகளுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. தும்மலும் இருமலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவின. ஆய்வாளர்கள் அவற்றிடமிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்து, ‘சிம்பன்சி ஜலதோஷக் கிருமி’ என்று பெயர் வைத்து அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். அந்த விலங்குகளோடு வேலை பார்த்த ஒருவருக்கும் சளி பிடித்திருந்தது. 1957-ல் பால்டிமோரில் ராபர்ட் சானக் என்ற இளம் மருத்துவர், மூச்சுக்குழாய் நோயால் அவதிப்பட்ட இரண்டு குழந்தைகளிடமிருந்து ஒரு வைரஸை எடுத்தார். பார்த்தால் அதே சிம்பன்சி வைரஸ். ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலோரின் உடம்பு ஏற்கெனவே அதைச் சந்தித்திருந்தது தெரிந்தது. ஆக, அது மனிதக் குழந்தைகளின் நோய். சிம்பன்சிகள்தான் இரவல் வாங்கியிருந்தன.

சோதனைக்கூடத்தில் இந்த வைரஸ் ஒரு விசித்திரம் காட்டியது. அது புகுந்த செல்கள் பக்கத்துச் செல்களோடு ஒட்டி, இடையிலிருந்த சவ்வு கரைந்து, பல உட்கருக்களைக் கொண்ட ஒரே பெரிய செல்லாக மாறின. வரிசை வீடுகளின் நடுச்சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கியதுபோல. அப்படி இணைந்த செல்லுக்கு ‘சின்சிடியம்’ என்று பெயர். அதை வைத்தே ‘ரெஸ்பிரேட்டரி சின்சிடியல் வைரஸ்’ என்று அழைத்தார்கள். சுருக்கமாக ஆர்.எஸ்.வி. செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் அந்த வேலையைச் செய்வது வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம். பிற்பாடு அதற்கு ‘எஃப்’ என்று பெயர் வந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஆர்.எஸ்.வி. வந்தால் பெரும்பாலும் ஒரு வாரச் சளி. கைக்குழந்தைக்கு அப்படியல்ல. நுரையீரலின் நுனியில் உள்ள மூச்சுச் சிறுகுழாய்கள் இரண்டு மாதக் குழந்தைக்கு நூலிழைபோல இருக்கும். உதிர்ந்த செல்லும் சளியும் அவற்றை அடைத்துவிட்டால், உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்கிறது. குழந்தை இரைக்கிறது. மூக்குச் சிறகு விரிந்து சுருங்குகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. பால் குடிக்க மூச்சு போதவில்லை. நம் வீடுகளில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. ‘நெஞ்சுச்சளி’ என்போம், ‘குழந்தைக்கு இரைக்குது’ என்போம். இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இந்த வைரஸ் ஒருமுறையாவது தொட்டுவிடும். 2019-க்கான உலக மதிப்பீட்டின்படி, அந்த ஓர் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகள் இதனால் இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். மரணங்களில் நூற்றுக்கு 97 ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான்.

இவ்வளவு பெரிய பகைவனுக்குத் தடுப்பூசி வேண்டும் என்று சானக்கும் அவருடைய சகாக்களும் அவசரப்பட்டதில் வியப்பில்லை. கையில் நல்ல முன்மாதிரியும் இருந்தது. 1955-ல் சால்க் போலியோ வைரஸை ஃபார்மலினில் கொன்று தடுப்பூசி ஆக்கியிருந்தார். அதே வழியில் போனார்கள். குரங்குச் சிறுநீரகச் செல்களில் ஆர்.எஸ்.வி.யை வளர்த்தார்கள். நாலாயிரத்தில் ஒரு பங்கு ஃபார்மலின் சேர்த்து, உடம்புச் சூட்டில் மூன்று நாள் வைத்தார்கள். வைரஸ் செத்தது. அதைச் செறிவாக்கிப் படிகாரத்தோடு சேர்த்தார்கள். படிகாரம் சேர்ந்த மருந்து உடம்பின் காவலைக் கூடுதலாக உசுப்பும் என்பது அன்றே தெரிந்த விஷயம். ஊசி போட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது ஆன்டிபாடிகள் நன்றாகவே ஏறியிருந்தன. அன்றைய அறிவுக்கு எட்டியவரை எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தடுப்பூசியைச் சோதித்த இடங்களில் ஒன்று ‘ஜூனியர் வில்லேஜ்’. வாஷிங்டன் நகர நிர்வாகம் நடத்திய, வீடில்லாக் குழந்தைகளுக்கான காப்பகம் அது. அந்தக் காலத்தில் புதிய தடுப்பூசிகளைக் காப்பகக் குழந்தைகளிடம் சோதிப்பது மருத்துவ உலகில் சாதாரண வழக்கம். எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள், தொற்று வேகமாகப் பரவும், கண்காணிப்பது எளிது. ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் ஹென்றி பீச்சர், மனிதர்கள்மீது நடக்கும் சோதனைகளின் அறத்தைக் கேள்வி கேட்டுப் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டதும் இதே 1966-ல்தான். சானக் குழுவினர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்தவர்கள் அல்லர். நடந்ததை மறைக்காமல் 1969-ல் எண்களோடு வெளியிட்டார்கள். அந்த நேர்மை இல்லாவிட்டால் நமக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது. ஆனாலும் யாருடைய குழந்தைகள் அந்த ஊசியை முதலில் ஏற்றார்கள் என்பதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

1969-ல் அமெரிக்கக் கொள்ளைநோயியல் ஆய்விதழில் நான்கு சோதனைகளின் முடிவுகளும் ஒன்றாக வந்தன. எங்குமே தடுப்பூசி காக்கவில்லை. மிகச் சிறிய குழந்தைகளிடம் அது நோயைக் கடுமையாக்கியது.

ஏன்?

இதற்கு விடை தேடினால், இன்னும் பழைய ஒரு கேள்வியில் போய் நிற்போம். பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் தடுப்பூசி ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? அந்த நோய்கள் ஒருமுறை வந்து போனால் பொதுவாக மறுபடி வருவதில்லை. உடம்பு ஒரே தடவையில் பாடம் கற்றுக்கொள்கிறது. தடுப்பூசி செய்வதெல்லாம், நோயின் துன்பம் இல்லாமல் அதே பாடத்தை நடத்துவதுதான். இயற்கை போட்ட தடத்தில் நடந்தால் போதும். ஆர்.எஸ்.வி. விஷயத்தில் அந்தத் தடமே இல்லை. குழந்தைப் பருவத்தில் வரும், பள்ளி வயதில் வரும், பெற்றோரான பிறகு தம் குழந்தையிடமிருந்தே வாங்கிக்கொள்வார்கள், முதுமையில் மறுபடி வந்து நிமோனியாவில் தள்ளும்.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கேரலைன் ஹால் என்ற குழந்தை மருத்துவர் இதைச் சோதித்தே பார்த்தார். இயற்கையாக ஆர்.எஸ்.வி. வந்து குணமான 15 பெரியவர்களின் மூக்கில், சில மாத இடைவெளிகளில் மறுபடி மறுபடி அந்த வைரஸை விட்டார். ஒவ்வொரு முறையும் அதே வைரஸ், உருமாறியது அல்ல. இரண்டே மாதத்தில் பாதிப் பேருக்கு மீண்டும் தொற்றியது. 26 மாதங்களுக்குள் 73 சதவீதம் பேருக்கு இரண்டோ அதற்கு மேலோ தொற்றுகள். 1991-ல் வந்த இந்த ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் வேடம் மாற்றி வருவதால் தப்பிக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆர்.எஸ்.வி.க்கு அந்தச் சிரமம்கூட வேண்டியிருக்கவில்லை. பழைய முகத்தோடேயே வந்து கதவைத் தட்டியது, உடம்பும் திறந்துவிட்டது.

இதற்கு ஒரு காரணம் அது குடியேறும் இடம். தட்டம்மை வைரஸ் மூச்சுவழியாக நுழைந்தாலும், நிணநீர்க் கணுக்களுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிய பிறகே நோயாக வெளிப்படும். அதற்குப் பத்து நாளாவது ஆகும். வாசல், கூடம், அடுப்படி என்று வீடு முழுக்க நடந்து கொல்லைப்புறம் வரை போகிற திருடன் அவன். அதற்குள் வீட்டுக்காரர் விழித்துக்கொள்ளலாம். ஆர்.எஸ்.வி. திண்ணையோடு வேலையை முடித்துக்கொள்கிறது. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மேல்தோல் செல்களைத் தாண்டி அது பெரும்பாலும் உள்ளே போவதில்லை. நான்கைந்து நாளில் நோய் வந்துவிடும். பழைய நினைவைத் தட்டி எழுப்பி, படையைத் திரட்டி அனுப்ப உடம்புக்கு அவகாசம் போதாது. அந்தத் திண்ணையைக் காக்க வேண்டிய ஆன்டிபாடிகளோ சில மாதங்களிலேயே வற்றிப்போகின்றன. போதாததற்கு, செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அபாய அறிவிப்பை அடக்கும் புரதங்களையும் இந்த வைரஸ் தன்னோடு கொண்டுவருகிறது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்குவது இரண்டு, மூன்று மாதக் குழந்தையை. அந்த வயதில் குழந்தையின் நோய் எதிர்ப்பு இன்னும் தவழும் பருவத்தில்தான் இருக்கும். பிறந்த கையோடு ஊசி போட்டுப் பலன் வருவதற்குள் வைரஸ் முந்திக்கொள்ளும்.

சரி, இவையெல்லாம் தடுப்பூசி ஏன் பலிக்கவில்லை என்பதற்கான காரணங்கள். லாட் 100 ஏன் தீங்கு செய்தது?

இறந்த இரு குழந்தைகளின் நுரையீரல் திசுக்கள் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தன. 2002-ல் ஃபெர்னாண்டோ பொலாக் என்ற அர்ஜென்டினா நாட்டுக் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். சிறு மூச்சுக்குழாய்களில் ஆன்டிபாடியும் வைரஸ் புரதமும் பிணைந்த கூட்டுப்பொருள்கள் படிந்து, அவை அழற்சியைத் தூண்டிவிட்டதற்கான தடயம் அங்கே இருந்தது. லாட் 100 ஆன்டிபாடியை உண்டாக்கியது உண்மை. அவை வைரஸோடு ஒட்டின, ஆனால் அதைச் செயலிழக்க வைக்கும் அளவுக்கு இறுக்கமாகப் பற்றவில்லை. வைரஸ் பெருகப் பெருக, இந்த உதவாத ஆன்டிபாடிகள் அதன்மீது கும்பல் கும்பலாக ஒட்டி, ஏற்கெனவே நூலிழையாக இருந்த குழாய்களில் குப்பையாகச் சேர்ந்தன. கூடவே, செத்த வைரஸும் படிகாரமும் சேர்ந்து உடம்பின் காவலை ஆஸ்துமா போன்ற ஒரு வகை எதிர்வினைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தன. 1966-ல் ஆன்டிபாடியின் அளவைத்தான் முதன்மையாக நம்பினார்கள். தரம்தான் வித்தியாசம் என்று அப்போது தெரியவில்லை.

இதே காலத்தில் ஃபார்மலினில் கொன்ற தட்டம்மைத் தடுப்பூசிக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. போட்டுக்கொண்ட குழந்தைகளில் சிலருக்குப் பிறகு தட்டம்மை வந்தபோது அது விபரீதமான வடிவில் வந்தது. 1967-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தட்டம்மைக்கு உயிருள்ள, நலிந்த வைரஸ் தடுப்பூசி மாற்றாக இருந்ததால் உலகம் அதைச் சீக்கிரம் மறந்தது. ஆர்.எஸ்.வி.க்கு மாற்று எதுவும் இல்லை.

அடுத்து வந்த முப்பது ஆண்டுகளைச் சில வரிகளில் கடந்துவிடலாம். வைரஸைக் குளிரில் பழக்கி நலிவாக்கிப் பார்த்தார்கள். நலிவு கூடினால் பலன் இல்லை, குறைந்தால் குழந்தைக்குச் சளி பிடித்தது. கைக்குழந்தையிடம் மறுபடி துணியப் பெரும்பாலான நிறுவனங்கள் தயங்கின. 1998-ல் பாலிவிசுமாப் என்ற மருந்து வந்தது. இது தடுப்பூசி அல்ல, வெளியே தயாரித்துத் தரும் ஆன்டிபாடி. மாதாமாதம் போட வேண்டும், விலை மிக அதிகம், குறைமாதக் குழந்தைகள் போன்ற ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும்தான் பயன்பட்டது. ஆனால் ஓர் உண்மையை அது நிலைநாட்டியது: எஃப் புரதத்தைச் சரியாகப் பிடிக்கும் ஆன்டிபாடி குழந்தையைக் காக்கும், கெடுக்காது. அப்படியானால் அந்தச் சரியான பிடி எங்கே இருக்கிறது?

பார்னி கிரஹாம் என்ற மருத்துவர் 1980-களிலிருந்து இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தார். டென்னிசியில் எலிகளில் ஆர்.எஸ்.வி.யை ஆராய்ந்து, லாட் 100 செய்த கேட்டின் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர். 2000-ம் ஆண்டு வாக்கில் தேசிய சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வு மையத்துக்கு வந்தார். எச்.ஐ.வி. தடுப்பூசிக்காக எழுப்பப்பட்ட மையம் அது. 2008-ல் ஜேசன் மெக்லெல்லன் என்ற இளம் விஞ்ஞானி, பீட்டர் குவாங்கின் குழுவில் எச்.ஐ.வி. புரதங்களின் வடிவத்தை ஆராய அங்கே வந்து சேர்ந்தார். குவாங்கின் தளத்தில் இடம் இல்லாததால் கிரஹாம் இருந்த தளத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். பேச்சு ஆர்.எஸ்.வி. பக்கம் திரும்பியது.

எஃப் புரதத்தை ஓர் எலிப்பொறியாக நினைத்துக்கொள்ளுங்கள். வைரஸின்மீது அது வில்லை இழுத்து மாட்டிய நிலையில் காத்திருக்கிறது, உருண்டைத் திரளாக. செல்லின் சவ்வைத் தொட்டவுடன் பொறி விழுகிறது. புரதம் தன்னையே அவிழ்த்து நீண்டு, செல்லின் சவ்வில் குத்தி, மடங்கி, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக இழுத்து ஒட்டவைக்கிறது. அதற்குப் பிறகு அது வேறு வடிவம், நீண்ட கூம்பு. ஒருமுறை விழுந்த பொறி திரும்பிப் பழைய நிலைக்கு வராது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பொறிக்குப் பொறுமை கிடையாது. சவ்வைத் தொடாமலேயே, சும்மா வைத்திருந்தாலே விழுந்துவிடும். சோதனைக்கூடத்தில் புரதத்தைத் தனியாகப் பிரித்த எல்லோர் கையிலும் கிடைத்தது விழுந்த பொறிதான். ஃபார்மலினில் மூன்று நாள் சூட்டில் கிடந்த லாட் 100-லும் பெரும்பாலும் அதுதான் இருந்திருக்கிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. அந்தக் குழந்தைகளின் உடம்பு விழுந்த பொறியின் உருவத்தைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறது. மெய்யான வைரஸ் வந்தபோது பொறி மாட்டிய நிலையில் நின்றது. படித்தது வேறு, வந்தது வேறு.

மாட்டிய நிலையிலுள்ள பொறியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அது விழாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் மனித ரத்தச் செல்களிலிருந்து எடுத்திருந்த ‘டி25’ என்ற ஆன்டிபாடி அந்த வேலையைச் செய்தது. பாலிவிசுமாபைவிடப் பல மடங்கு வலிமையானது, ஆனால் விழுந்த பொறியைத் தீண்டவே தீண்டாது. அது எதைத்தான் பிடிக்கிறது? மெக்லெல்லன் டி25 பற்றிக்கொண்ட எஃப் புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி வடிவத்தைக் கணக்கிட்டார். 2013 மே மாதம் ‘சயன்ஸ்’ இதழில் அது வெளியானது. உருண்டையின் உச்சியில், பொறி விழுந்ததும் மறைந்துபோகும் ஓர் இடத்தில் டி25 உட்கார்ந்திருந்தது. நம் உடம்பு உண்டாக்கும் வலிமையான ஆன்டிபாடிகளில் பெரும்பகுதி இந்த மாட்டிய வடிவத்தைத்தான் குறிவைக்கிறது என்பதும் தெளிவானது. ஐம்பது ஆண்டுகளாகத் தடுப்பூசி செய்தவர்களில் பெரும்பாலோர் அந்த உச்சி இல்லாத புரதத்தையே கையாண்டிருக்கிறார்கள்.

அடுத்தது தச்சுவேலைதான். பொறி விழாமல் இருக்க அதைக் கட்டிப்போட வேண்டும். புரதத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே கந்தகப் பிணைப்பு ஒன்றைப் போட்டுக் கம்பி கட்டியதுபோல இறுக்கினார்கள். உள்ளே காலியாக இருந்த பொந்துகளில் சற்றுப் பெரிய அமினோ அமிலங்களைப் பொருத்தி ஆப்பு அடித்தார்கள். மாற்றியது நான்கே நான்கு அமினோ அமிலங்களை. பொறி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது கட்டுரை வந்தது. சானக் அதைப் பார்க்க இல்லை. 2010-ல் அவர் காலமாகிவிட்டார்.

வடிவம் தெரியாமல் செய்த முயற்சிகள் அதன் பிறகும் தோற்றுக்கொண்டிருந்தன. முழுதாக மாட்டிய நிலையில் இல்லாத எஃப் புரதத்தோடு நோவாவேக்ஸ் நிறுவனம் நடத்திய பெரும் சோதனை, 2016-ல் முதியவர்களிடம் பலன் காட்டவில்லை. வடிவத்தைப் பிடித்தவர்கள் வென்றார்கள். 2023 மே 3 அன்று, ஜி.எஸ்.கே. நிறுவனத்தின் தடுப்பூசிக்கு 60 வயது கடந்தவர்களுக்காக அமெரிக்கா அனுமதி கொடுத்தது. உலகின் முதல் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி அது. சோதனையில் கீழ் மூச்சுக்குழாய் நோயை 82.6 சதவீதம் தடுத்தது. அதே மாதக் கடைசியில் ஃபைசரின் தடுப்பூசி வந்தது. லாட் 100-ஐத் தயாரித்த அதே ஃபைசர்.

இந்தத் தச்சுவேலை வேறொரு வாசலையும் திறந்தது. 2013-ல் கிரஹாமின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் மெக்கா யாத்திரை போய்விட்டுச் சளி காய்ச்சலோடு திரும்பினார். அப்போது அரபு நாடுகளில் மெர்ஸ் என்ற கொடிய கரோனா வைரஸ் பரவிக்கொண்டிருந்ததால் பயந்து சோதித்தார்கள். வந்திருந்தது எச்.கே.யு.1 என்ற சாதாரணக் கரோனா வைரஸ். மெக்லெல்லனும் கிரஹாமும் அதையும் விடவில்லை. கரோனா வைரஸ்களின் முள் புரதமும் இதே வகைப் பொறிதான். அதன் வடிவத்தைப் பார்த்து, இரண்டு இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைத்து விழாமல் நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் கோவிட் வைரஸின் மரபணு வரிசை வெளியானபோது அந்த முறை தயாராக இருந்தது. மாடர்னா, ஃபைசர்-பயோஎன்டெக், ஜான்சன் அண்டு ஜான்சன், நோவாவேக்ஸ் என்று பலரும் அதைப் பயன்படுத்தினார்கள். நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இந்த மாற்றம் இல்லை. கோவாக்சின் பழைய வழியில் வந்தது: கொன்ற வைரஸ், கூடவே அலுமினியச் சேர்மம். ஆனால் அதோடு இன்னொரு துணைப்பொருளையும் சேர்த்திருந்தார்கள். படிகார வகை மருந்து உடம்பைத் தள்ளும் அந்த ஆஸ்துமாப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இழுப்பதற்காக. ஹைதராபாத்தில் செய்த ஊசியிலும் வாஷிங்டன் குளிர்காலத்தின் நினைவு இருந்தது.

எல்லா வைரஸும் வடிவம் தெரிந்ததும் பணிந்துவிடுவதில்லை. எச்.ஐ.வி.யின் பொறியும் இன்று நன்றாகத் தெரியும். அதன்மேல் நம் உடம்பின் சர்க்கரையையே போர்த்திக்கொண்டு, நாள்தோறும் உருமாறி, செல்லின் மரபணுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. 1984-ல் அமெரிக்க சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர், இரண்டு ஆண்டுகளில் எச்.ஐ.வி. தடுப்பூசி சோதனைக்குத் தயாராகும் என்று அறிவித்தார். நாற்பது ஆண்டு கடந்தும் கைக்கு வரவில்லை. டெங்குவுக்கோ நான்கு வகைகள். ஒன்றுக்கு எதிரான அரைகுறை ஆன்டிபாடி இன்னொன்றுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. அந்தக் கதை பிலிப்பைன்ஸில் எங்கே போய் முடிந்தது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

ஆர்.எஸ்.வி.யின் முதல் இலக்காக இருந்தவர்கள் கைக்குழந்தைகள். அவர்களுக்கு என்ன கிடைத்தது? 2023-ல் நிர்செவிமாப் என்ற ஆன்டிபாடி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டி25-ன் வழித்தோன்றல் அது. ஒருமுறை போட்டால் ஒரு பருவம் முழுக்கக் காக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபைசரின் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளுக்கு, 32 முதல் 36 வாரத்துக்குள், போடலாம் என்று அனுமதி வந்தது. தாயின் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு இறங்குகிறது. பிறந்த முதல் 90 நாளில் கடும் நோயை 81.8 சதவீதம் தடுத்தது. 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு முன்தகுதி அளித்தது. இனி ஐ.நா. அமைப்புகள் ஏழை நாடுகளுக்காக இதை வாங்கலாம்.

குழந்தைக்கே போடும் தடுப்பூசியையும் முயன்றார்கள். மாட்டிய வடிவப் புரதத்தை உண்டாக்கும் எம்.ஆர்.என்.ஏ. ஊசியை மாடர்னா கைக்குழந்தைகளிடம் சோதித்தது. 2024-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கடுமையான ஆர்.எஸ்.வி. வந்திருந்தது, போலி ஊசி போட்டவர்களில் ஒருவருக்கு. டிசம்பர் 12 அன்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு இதைப் பற்றிப் பேசக் கூடியபோது, 31 குழந்தைகளின் அந்தப் பழைய அட்டவணையை நினைக்காமல் யாராலும் இருந்திருக்க முடியாது.

அதனால் இன்று ஊசி தாயின் தோளில் ஏறுகிறது. பிள்ளை உள்ளே இருக்கிறது, இன்னும் முதல் மூச்சு விடவில்லை.

(தொடரும்)